தொண்ணூறாவது வரி

2,40,94,02,99,600. அதன் கீழே 3,21,25,37,32,800. 1915இல் அச்சில் வந்த சீனிவாச ராமானுஜனின் ஓர் அட்டவணையில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு எண் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

இல்லாத அந்த எண் 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 5040. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

என்னிடம் இது வந்து சேர்ந்தது கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு ஆசிரியை மூலமாக. டிசம்பர் 22 கணித நாளுக்குக் கண்காட்சி வைப்பதற்காக அவருடைய மாணவி ஒருத்தி ராமானுஜனின் அட்டவணையைப் புத்தகத்தைப் பார்த்து சார்ட் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தாள். கையோடு, அதே எண்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் சின்ன புரோகிராம் ஒன்றையும் எழுதி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். புத்தகத்தில் 102 வரிகள். கம்ப்யூட்டர் கொடுத்தது 103. "புரோகிராம்லதான் தப்பு இருக்கும்னு சொன்னேன் சார். இருந்தாலும் ஒருதடவை நீங்க பாத்துடுங்க" என்று ஆசிரியை இரண்டு தாள்களையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பழைய அறிவியல் ஆவணங்களைப் புரட்டுவது என் தொழில் என்பதால் இந்தப் பகுதியில் இதுபோன்ற கேள்விகள் என் வீட்டுக்குத்தான் வரும்.

புரோகிராமில் தப்பில்லை. ராமானுஜனின் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கணிதக்காரர்கள் ஏற்கெனவே கண்டு குறித்துவைத்திருக்கிறார்கள். கணிதக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வாக்கியத்தோடு அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதவில்லை. 102 எண்களைச் சரியாகப் பிடித்த கை, இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டது? அச்சுக்கோர்த்தவர் விட்டாரா, எழுதியவர் விட்டாரா? முனுசாமி சாலையில் ஜெராக்ஸ் கடையில் அட்டவணையைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அட்டவணை எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் வகுக்கும். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. 24க்கு எட்டு, அதற்குக் கீழே எதற்கும் எட்டு இல்லை. 60க்குப் பன்னிரண்டு. இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளை உடைய எண்ணை உயர் பகு எண் என்கிறோம். நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும், வட்டத்தை 360 பாகையாகவும் பிரித்த பழையவர்கள் இந்த எண்களின் அருமை தெரிந்துதான் பிரித்திருக்க வேண்டும். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று எப்படிப் பங்கு போட்டாலும் துண்டு விழாது.

காரணிகளை எண்ண ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்கினால் போதும். 60 என்பது 2² × 3 × 5. அடுக்குகள் 2, 1, 1. ஒன்றைக் கூட்டினால் 3, 2, 2. பெருக்கினால் 12. நம்முடைய விடுபட்ட எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. வருவது 5040.

ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழின் பதினான்காம் தொகுதியில், 347ஆம் பக்கத்திலிருந்து 409ஆம் பக்கம் வரை, உயர் பகு எண்கள் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. 52 பிரிவுகள். கேம்பிரிட்ஜ் 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் பேரில் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தோற்றுத் தோற்று எட்டாமல் போன பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவை இந்த எண்கள் என்று நினைக்கும்போது எனக்கு அவற்றின் மேல் தனிப் பாசம் உண்டு.

இங்கிலாந்து போன பிறகு செய்த வேலை இது என்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி எழுதியிருப்பதால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மூன்று நோட்டுப் புத்தகங்களைத் தேடலில் இருந்து ஒதுக்கிவிட்டேன். மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 1927இல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் மூவரும் பதிப்பித்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பு. மற்றது, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருந்து வெளிவந்த தாள்களின் நகல். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண்ணையே விசாரிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சொல்வதால் மட்டும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 1914இல் ராமானுஜனிடம் இருந்தவை தாளும் பேனாவும்தான். அதே வழியில் போய்ப் பார்த்தால்தான் அவர் எங்கே தவறவிட்டிருக்கக்கூடும் என்று தெரியும்.

கட்டுரையின் விதிகள் இதற்குக் கைகொடுக்கின்றன. உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளி இல்லாமல் வரிசையாக வர வேண்டும். அடுக்குகள் இடமிருந்து வலமாகக் குறையலாம், அல்லது அப்படியே நிற்கலாம், ஏறக்கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரண்டு எண்களில் மட்டும் 2. மற்ற எல்லாவற்றிலும் 1. கடைசி விதியை நிரூபித்தவர் ராமானுஜன். அட்டவணையில் சில எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டிருக்கிறார். சாதாரண உயர் பகு எண் தனக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் வெல்லும். நட்சத்திர எண், அளவுக்கு ஏற்ற விகிதத்தில் பார்த்தால் தனக்கு மேலே இருப்பவற்றுக்கும் விட்டுக்கொடுக்காது. அவற்றைக் கண்டுபிடிக்க நேரான சூத்திரம் உண்டு. ஆகவே நட்சத்திர எண்களில் தவறு நேர வாய்ப்பு குறைவு. இரண்டு நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் கையால் தேடி நிரப்ப வேண்டும்.

விடுபட்ட எண் கிடப்பது அப்படி ஓர் இடைப்பகுதியில். கீழே உள்ள நட்சத்திரம் 13,96,75,53,600. அதாவது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19, காரணிகள் 2688. அடுத்த நட்சத்திரம் 3,21,25,37,32,800. அது முன்னதைப்போல் சரியாக 23 மடங்கு: 23 என்ற புதிய பகா எண் வந்து சேர்கிறது, காரணிகள் இரட்டித்து 5376 ஆகின்றன.

இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே ராமானுஜன் கடைசியாகப் பிடித்த எண் 2,40,94,02,99,600. அது கீழ் நட்சத்திரத்தின் 17¼ மடங்கு, காரணிகள் 4800. ஆக, கேள்வி சுருங்கிவிடுகிறது. கீழ் நட்சத்திரத்தை 17¼க்கு மேல், 23க்குள் ஏதாவது ஒன்றால் பெருக்கி 4800க்கு மேல் காரணிகள் வாங்க முடியுமா?

போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். 18 மடங்கு: அடுக்குகள் 7, 5, 2, பிறகு ஐந்து ஒன்றுகள். 8 × 6 × 3 × 32. விடை 4608. போதவில்லை. 20 மடங்கு: அடுக்குகள் 8, 3, 3. 9 × 4 × 4 × 32. மறுபடி 4608. 17½ மடங்கு: 5, 3, 3, 2. அதுவும் 4608. 22½ மடங்கு: 5, 5, 3. அதுவும் 4608! 23ஐச் சேர்த்துக்கொண்டு மற்றவற்றில் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். 23ஐச் சேர்த்து 5ல் ஒன்றை எடுத்து 2ல் இரண்டைக் கூட்டினால் 4608. 23ஐச் சேர்த்து 2ல் மூன்றை எடுத்து 7ல் ஒன்றைக் கூட்டினால் 4608. 3ல் இரண்டைக் கூட்டி, 2ல் ஒன்றும் 5ல் ஒன்றும் எடுத்தாலும் 4608. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே சுவர். தாளில் அந்த எண் திரும்பத் திரும்ப வந்து விழுந்ததைப் பார்த்தபோது, இந்த இடத்தில் ஒரு மனிதன் "இனி ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஏதும் இல்லை என்று தோன்றியது.

21ஐப் போட்டால் கதை மாறுகிறது. 21 என்றால் 3 × 7. 3ன் அடுக்கு மூன்றிலிருந்து நான்கு, 7ன் அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. 7 × 5 × 3 × 3 × 16. விடை 5040. 4800ஐத் தாண்டிவிட்டது. 13,96,75,53,600ஐ 21ஆல் பெருக்கினால் வருவது 2,93,31,86,25,600.

ஆக, ஒரே நட்சத்திரத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன: 21 ஒன்று, 23 ஒன்று. 23ன் பாதையில் போனால் அடுத்த நட்சத்திரம். 21ன் பாதையில் போனால் அதற்கு ஒரு வரி முன்னால் விடுபட்ட எண்.

இனி அட்டவணையில் அக்கம்பக்கத்தைப் பார்ப்போம். 23 என்ற பகா எண் முதன்முதலில் தலைகாட்டுவது 64,25,07,46,560இல். அடுத்த வரி 73,32,96,56,400. அதில் 23 இல்லை, 19ஓடு முடிகிறது. அதற்கடுத்து 23. பிறகு 19. பிறகு 23. பிறகு 1,46,65,93,12,800, அது 19. இப்படிப் புதிய பகா எண்ணும் பழையதும் சடைபோட்டுக்கொண்டே வருகின்றன. அப்புறம் 1,60,62,68,66,400 வருகிறது, 23. அடுத்தது 2,40,94,02,99,600, அதுவும் 23. இரண்டு வரி தொடர்ந்து 23. ராமானுஜனின் அச்சிட்ட அட்டவணையில் இதன் பிறகு வரும் எல்லாமே 23தான். 19ஓடு முடியும் எண்களின் காலம் 1,46,65,93,12,800ஓடு முடிந்துவிட்டதுபோல் அந்தப் பக்கம் காட்டுகிறது. உண்மையில் முடியவில்லை. 19 கடைசியாக ஒருமுறை திரும்பி வருகிறது. அந்தத் திரும்பிவந்த ஒன்றுதான் விழுந்துவிட்டது.

எப்படி நடந்திருக்கும் என்பதில் என் ஊகம் இது. 23ஐ உடைய எண்களைத் தனியாகவும் 19ஓடு நிற்பவற்றைத் தனியாகவும் திரட்டிப் பிறகு அளவு வாரியாகக் கோத்திருந்தால், இரண்டாவது குவியலின் கடைசி உறுப்பு கோக்கப்படாமல் தங்கிப்போவது எளிது. இதை நிரூபிக்க ஆவணம் இல்லை. பக்கம் காட்டும் அமைப்பு மட்டும் இருக்கிறது. ஆனால் எண் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பது உறுதி. அட்டவணையில் மூன்று வரி மேலே அவரே எழுதிய 1,46,65,93,12,800ஐ இரட்டித்தால் அது வந்துவிடும். அவர் எழுதிய 97,77,28,75,200ஐ மூன்றால் பெருக்கினாலும் வரும். இன்னொன்றும் உண்டு. அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. காரணிகள் 10,080. அது விடுபட்ட எண்ணைப்போல் சரியாக 23 மடங்கு. 10,080 என்பது 5040ன் இரு மடங்கு. கடைசி வரியை எழுதியபோது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்பதை அவர் முழுசாக எழுதி, பக்கத்தில் 23ஐயும் எழுதியிருக்கிறார். வரியாகத் தனியே எழுதாத எண்ணை வேறொரு வரியின் உடம்பாக எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டினாள் என்ற கதையை நம் ஊரில் எல்லாக் கணித நாள் மேடையிலும் கேட்கிறோம். ராமானுஜனின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அவருடைய உழைப்பு கண்ணில் படாமல் போகிறதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. லட்சம் கோடிகளைத் தாண்டிய எண்களைக் கையால் பெருக்கி, அளவு வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணி எண்ணி எழுதியவர் அவர். கனவில் கிடைத்த அட்டவணையில் வரி விடுபடாது. இது முதுகு வலிக்க உட்கார்ந்து போட்ட கணக்கு. மாணவியின் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் தந்த 103 வரிகளில் 102ஐ 1914இன் மனிதர் தாளில் பிடித்துவிட்டார் என்பதை அந்தப் பள்ளிக் கண்காட்சியில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

அச்சுக்கோர்த்தவர்மீது இருந்த சந்தேகத்துக்கு வருகிறேன். எழுத்துப்படி சரியாக இருந்து, அச்சகத்தில் ஒரு வரி தவறியிருக்கலாம் அல்லவா? பன்னிரண்டு, பதிமூன்று இலக்க எண்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தில் ஒரு வரி தாண்டிப்போவது அச்சுத் தொழிலில் நடக்கக்கூடியதே. இதைத் தீர்க்க ராமானுஜனின் கையெழுத்துப் பக்கம் வேண்டும். அங்கேதான் டிரினிட்டி தாள்கள் வருகின்றன.

1927 தொகுப்பில் இந்தக் கட்டுரையைச் சேர்த்து ஒரு குறிப்பு இருக்கிறது. அக்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால், அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் தான் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார் என்று அது சொல்கிறது. உலகப் போர் மூண்டிருந்த நேரம். அச்சில் வந்தது 52 பிரிவுகள் என்றால், எழுதியது அதற்கு மேல். அந்த மீதி எங்கே?

ராமானுஜனின் தாள்கள் பல ஹார்டியிடமிருந்து கணிதவியலாளர் வாட்சனிடம் போயிருந்தன. வாட்சன் 1965இல் இறந்தபின் அவர் வீட்டுக் காகிதக் குவியலில் இருந்து மீட்கப்பட்டு, ராபர்ட் ராங்கின் மூலமாக டிரினிட்டி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே 1976இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்ததைத்தான் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்கிறோம். நூற்றாண்டு நாளான 1987 டிசம்பர் 22 அன்று அதன் நகல் பதிப்பைப் பிரதமர் ராஜீவ் காந்தி இதே சென்னையில் வெளியிட்டார்; நரோசா பதிப்பகம் அச்சிட்டது. நோட்டோடு சேர்த்து, வேறு வெளிவராத தாள்களையும் அதில் போட்டார்கள். நிறுத்திவைக்கப்பட்ட உயர் பகு எண் பிரிவுகள் அங்கே கிடக்கின்றன. பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் ழான் லூயி நிகோலா, கீ ரோபான் இருவரும் அவற்றைப் படித்துத் திருத்தி, குறிப்புகள் எழுதி, 1997இல் ராமானுஜன் ஜர்னலின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள். அந்த இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவர் கிருஷ்ணசாமி அல்லாடி; தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை 1962இல் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணனின் மகன். 1915இல் பணமில்லாமல் நின்ற பக்கங்களை 82 ஆண்டு கழித்து அச்சேற்றியது ஒரு சென்னைக் குடும்பத்துப் பிள்ளையின் இதழ் என்பதில் எனக்குப் பெருமைதான்.

நகல் பதிப்பின் 280ஆம் பக்கத்தில் ராமானுஜன் தன் கையால் எழுதிய ஓர் அட்டவணை உண்டு. அது உயர் பகு எண்களுக்கு நெருங்கிய உறவான இன்னொரு இனத்தைப் பற்றியது. தனக்குக் கீழே உள்ள எதுவும் தன்னை மிஞ்சக்கூடாது. ஆனால் சமமாக இருக்கலாம். 60க்குப் பன்னிரண்டு காரணிகள் என்றால், 72, 84, 90, 96, 108 ஆகியவற்றுக்கும் பன்னிரண்டுதான். அவையும் பட்டியலில் சேரும். விதி தளர்வதால் எண்கள் பெருகுகின்றன. அதனால் தேடலும் கடினமாகிறது.

அந்தக் கையெழுத்துப் பட்டியலை நிகோலாவும் ரோபானும் சரிபார்த்தபோது, இருக்க வேண்டிய நான்கு எண்கள் அதில் இல்லை என்று கண்டார்கள்: 4200, 1,51,200, 4,15,800, 4,91,400. இருக்கக்கூடாத ஒன்று இருந்தது: 1,50,840. இந்தப் பக்கத்தை அச்சகம் தொடவே இல்லை. ஆகவே இங்கே விடுபட்டவை எழுதிய கையிலிருந்தே விடுபட்டவை. 1915 அட்டவணையில் விடுபட்ட தொண்ணூறாவது வரியையும் அச்சுக்கோர்த்தவர் தலையில் கட்டுவதற்கு இனி எனக்கு மனம் வரவில்லை. முடிந்த முடிவாக இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே மனிதர், ஒரே வகையான தேடல், ஒரே வகையான நழுவல் என்று மூன்றும் ஒத்துப்போகும்போது சந்தேகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

1,50,840ஐ அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியவில்லை. அது எங்கிருந்து வந்தது? பிரித்துப் பார்த்தால் 2³ × 3² × 5 × 419. காரணிகள் 48 மட்டுமே. அந்த உயரத்தில் 144 இருந்தால்தான் பட்டியலில் இடம். 419 ஒரு பகா எண். இந்த மாதிரி எண்ணில் 419 போன்ற பெரிய பகா எண் வந்து உட்கார வழியே இல்லை. 2³ × 3² × 5 என்பது 360. ஆக, அவர் எழுதியது 360 × 419.

விடுபட்டதாகச் சொல்லப்படும் 1,51,200 என்ன? 360 × 420.

ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். 1,51,200க்கு 2⁵ × 3³ × 5² × 7 என்ற பிரிப்பில் சரியாக 144 காரணிகள் உண்டு. அளவு வரிசையில் 1,38,600க்கும் 1,63,800க்கும் நடுவே அது வர வேண்டும். 1,50,840ம் அதே இடைவெளியில்தான் விழுகிறது. இரண்டும் ஒரே வரி என்பது என் கணிப்பு. அவர் எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்து, எழுதும்போதோ கூட்டும்போதோ 360ஐக் குறைத்துவிட்டார். அப்படியானால் அந்தப் பக்கத்தில் உண்மையாக விடுபட்டவை மூன்று. ஒன்று விடுபடவில்லை, பிழையாக எழுதப்பட்டது.

மூன்றில் 4,91,400 தனித்து நிற்கிறது. அதன் பிரிப்பு 2³ × 3³ × 5² × 7 × 13. இடையில் 11 இல்லை! உயர் பகு எண்ணில் இப்படி ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போவதற்கு அனுமதி இல்லை; 13ஐ எடுத்துவிட்டு 11ஐ வைத்தால் காரணிகள் குறையாமல் எண் சிறுத்துவிடும். இங்கே நடப்பதும் அதுதான்: 13க்குப் பதில் 11ஐ வைத்தால் 4,15,800 வருகிறது, அதற்கும் அதே 192 காரணிகள். சமமாக இருக்கலாம் என்ற தளர்ந்த விதியில் இரண்டுமே தகுதி பெறுகின்றன. பட்டியலில் இல்லாத இந்த இரண்டு எண்களும் இப்படி ஒரே அச்சில் வார்த்தவை. 2³ × 3³ × 5² × 7 என்ற 37,800ஐ அடித்தளமாக அவர் அந்த முறை கையிலெடுக்கவில்லைபோலும். எடுத்திருந்தால் 11ஆல் ஒன்றும் 13ஆல் ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும். விடாமல் எடுத்த மற்ற அடித்தளங்களிலிருந்து வந்தவை பக்கம் முழுக்க நிற்கின்றன.

5040 என்ற எண்ணுக்கு வேறொரு பக்கமும் உண்டு. ராமானுஜனின் தாள்களைப் பதிப்பித்த அதே ரோபான் 1984இல் ஒரு தேற்றம் நிறுவியிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த வரம்பைத் தொடாது என்று காட்டிவிட்டால், ரீமன் கருதுகோள் உண்மை. ரீமன் கருதுகோள் உண்மை என்றால் வரம்பு மீறப்படாது. கணிதத்தின் மிகப்பெரிய திறந்த கேள்வி ஒன்று 5040க்கு மேற்பட்ட முழு எண்களின் காரணிகளில் வந்து நிற்கிறது. ரீமன் கருதுகோளை ஏற்றுக்கொண்டால் போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்த வரம்பு பொருந்தும் என்ற முடிவு, நிறுத்திவைக்கப்பட்ட பக்கங்களில் ராமானுஜன் கையில் ஏற்கெனவே இருந்தது. பணமில்லாமல் அச்சேறாமல் போனவை இவைதான். எர்டிஷ், அலாவ்குலு, நம் எஸ்.எஸ். பிள்ளை என்று 1940களில் இந்த எண்களைத் தொட்ட கணிதவியலாளர்கள் யாருக்கும் அந்தப் பக்கங்கள் அச்சில் கிடைக்கவில்லை. ஒரு வரி விடுபட்டது எனக்கு வருத்தம் தரவில்லை. அத்தனை பிரிவுகள் அத்தனை காலம் தாளிலேயே கிடந்தது வருத்தம் தருகிறது.

ஆசிரியைக்கு எல்லாக் கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். மாணவி கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் சார்ட்ல எத்தனை வரி எழுதணும் சார்?"

102 எழுதச் சொன்னேன். ராமானுஜன் எழுதியது ராமானுஜன் எழுதியதாகவே இருக்கட்டும். எண்பத்தொன்பதாவது வரிக்கும் அடுத்ததற்கும் நடுவில், வேறு நிறப் பேனாவில், ஒரு பகரக்கோட்டுக்குள் 2,93,31,86,25,600 என்று எழுதி, பக்கத்தில் 5040 என்றும், கீழே கணக்கைப் போட்டுப் பார்த்தவள் என்று அவள் பெயரையும் எழுதச் சொன்னேன். ராமானுஜன் கட்டுரைகளை நம் பல்கலைக்கழகங்களில் எதுவாவது மறுபதிப்புச் செய்யும் நாள் வந்தால் அங்கேயும் இதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்: மூல அட்டவணையில் கைவைக்காமல், விடுபட்ட வரியை அதற்குரிய இடத்தில் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும். 280ஆம் பக்கத்தின் 1,50,840க்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். 360ஐ 420ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லி.